கிரெடிட் கார்டு விண்ணப்பத்தில் 'வேலை' என்ற கட்டம்: வங்கி உண்மையில் கேட்பது என்ன?

ஒரகடத்தில் ஒரு கார் தொழிற்சாலை. அங்கே ஐந்து வருடமாக வேலை பார்க்கும் ஒருவர் கிரெடிட் கார்டுக்கு விண்ணப்பிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் போடும் சீருடை அந்தக் கார் கம்பெனியுடையது. சாப்பிடுவது அதன் கேன்டீனில். 'பணிபுரியும் நிறுவனம்' என்ற கட்டத்தில் அந்தப் பெயரையே எழுதுகிறார். சில நாளில் பதில் வருகிறது: கொடுத்த விவரங்களைச் சரிபார்க்க முடியவில்லை, விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது.

அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அவருக்குச் சம்பளம் போடுவது ஒரு மேன்பவர் ஏஜென்சி. பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) கட்டுவதும் அதுதான். வங்கியின் கணக்கில் அவருடைய முதலாளி அந்த ஏஜென்சியே.

விண்ணப்பத்தின் வேலைப் பகுதியில் நடக்கும் கோளாறுகளில் கணிசமானவை இந்த வகைதான். ஏமாற்றும் எண்ணம் இருக்காது. படிவம் ஒரு பொருளில் கேட்கும், நிரப்புபவர் வேறு பொருளில் பதில் எழுதுவார். குறைந்த சம்பளத்தை விட, ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத விவரம்தான் விண்ணப்பத்தை அதிகம் கெடுக்கிறது. ஏன் என்று புரிய, வங்கி இதையெல்லாம் எதற்காகக் கேட்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

ஈடு இல்லாத கடன்

நகைக்கடன் வாங்கப் போனால் வேலையைப் பற்றிப் பெரிதாகத் தோண்ட மாட்டார்கள். நகை பெட்டகத்தில் இருக்கிறது. பணம் திரும்பாவிட்டால் ஏலம். கிரெடிட் கார்டில் அப்படி எதுவும் இல்லை. அடுத்த மாதமும் அதற்கடுத்த மாதமும் உங்களுக்கு வரப்போகிற வருமானம் மட்டும்தான் வங்கிக்கு இருக்கும் நம்பிக்கை. நிலுவைத் தொகைக்குப் பல கார்டுகளில் மாதம் 3.5 சதவீதத்தை ஒட்டி, அதாவது ஆண்டுக்கு 42 சதவீத அளவில் வட்டி போடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இது வங்கியின் விருப்பம் சார்ந்தது மட்டுமல்ல. ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரலில் வெளியிட்டு அந்த ஆண்டு ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த கார்டு வழிகாட்டுதல்கள், விண்ணப்பதாரரின் வருமானத்தையும் அடைக்கும் திறனையும் வங்கி தானே தனியாக மதிப்பிட வேண்டும் என்கின்றன. வேறு வங்கிகளின் கார்டுகளில் அவருக்கு ஏற்கெனவே உள்ள வரம்பையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

அப்புறம் 2023 நவம்பர் வந்தது. ஈடில்லாக் கடன்கள் வேகமாகப் பெருகுவதைப் பார்த்த ரிசர்வ் வங்கி, வங்கிகளின் கிரெடிட் கார்டு நிலுவைக்கான இடர் எடையை 125 சதவீதத்திலிருந்து 150 ஆக உயர்த்தியது. இடர் எடை என்பதை இப்படிப் புரிந்துகொள்ளலாம். வங்கி தான் கொடுக்கும் ஒவ்வொரு கடனுக்கும் சொந்த மூலதனத்தில் ஒரு பங்கை ஒதுக்கி வைக்க வேண்டும். குறைந்தபட்ச மூலதன விகிதம் 9 சதவீதம்; அதை இடர் எடையால் பெருக்கினால் அந்தப் பங்கு கிடைக்கும். பழைய எடைப்படி 100 ரூபாய் கார்டு நிலுவைக்கு 11 ரூபாய் 25 காசு ஒதுக்கினால் போதும். புதிய எடைப்படி 13 ரூபாய் 50 காசு. ஒவ்வொரு கார்டும் வங்கிக்கு முன்பைவிடச் செலவு பிடித்ததாகிவிட்டது. ஆக, யாருக்குக் கொடுக்கிறோம் என்பதைக் கூடுதலாக உற்றுப் பார்ப்பதில் வியப்பில்லை.

ஒரு கட்டத்துக்குள் ஐந்து கேள்விகள்

படிவத்தில் 'பணி விவரம்' என்று ஒரே தலைப்பாக இருக்கும். உள்ளே இருப்பவை ஐந்து தனித்தனிக் கேள்விகள்.

1. பணம் தருவது யார்? எங்கே உட்கார்ந்து வேலை செய்கிறீர்கள் என்பது இல்லை கேள்வி. சம்பளச் சீட்டின் தலைப்பில் எந்தப் பெயர் இருக்கிறதோ அதுதான் விடை. கடைப்பெயர் ஒன்றாகவும் சட்டப்படியான பெயர் வேறாகவும் இருக்கும் நிறுவனங்களில் இது கூடுதல் சிக்கல். பேடிஎம் என்று ஊரறிந்த நிறுவனத்தின் பதிவுப் பெயர் ஒன்97 கம்யூனிகேஷன்ஸ். ஜொமாட்டோவை நடத்தும் நிறுவனம் 2025-இல் எடர்னல் என்று பெயர் மாறியது. வங்கிக் கணக்கில் சம்பளம் வரும்போது வரியில் பதிவாவது இந்தச் சட்டப் பெயர். ஒரே குழுமத்தில் நான்கு பிரைவேட் லிமிடெட்கள் இருந்தால், உங்கள் பெயர் எதன் சம்பளப் பட்டியலில் இருக்கிறது என்று பார்த்து எழுத வேண்டும். இதற்கு இன்னொரு காரணமும் உண்டு: பல வங்கிகள் நிறுவனங்களை ஏ, பி, சி என்று தரம் பிரித்து உள்ளுக்குள் ஒரு பட்டியல் வைத்திருக்கின்றன. எந்தப் பெயரை எழுதுகிறீர்களோ அந்தத் தரத்தின் அளவுகோல்தான் உங்களுக்கும். பெரிய கம்பெனி பெயரைப் போடும் ஆசை இங்கிருந்துதான் வருகிறது, மாட்டிக்கொள்வதும் இங்கேதான்.

2. எந்த உறவில்? மாதச் சம்பளக்காரரா, சுயதொழில் செய்பவரா என்பது முதல் பிரிவு. சுயதொழிலிலும் மருத்துவர், வழக்கறிஞர், ஆடிட்டர், கட்டிட வடிவமைப்பாளர் போன்றோரைப் 'புரொஃபஷனல்' என்றும் மற்றவர்களை 'பிசினஸ்' என்றும் பிரிப்பார்கள். தனியார் மருத்துவமனையில் வேலை பார்க்கும் மருத்துவர் எந்தப் பக்கம்? மருத்துவமனை பி.எஃப். பிடித்துச் சம்பளம் என்று போட்டால் சம்பளக்காரர். ஆலோசகர் கட்டணம் என்று தந்து, கட்டணத்துக்குரிய டி.டி.எஸ். (பணம் தரும்போதே பிடிக்கும் வருமான வரி) பிடித்தால் அவர் புரொஃபஷனல். மாதாமாதம் ஒரே தேதியில் ஒரே தொகை வந்தாலும் இதில் மாற்றமில்லை. ஐ.டி. துறையில் 'கன்சல்டன்ட்' என்ற பெயரில் ஒப்பந்தத்தில் இருப்பவர்களுக்கும் இதே விதி.

3. எப்போதிலிருந்து? 'இப்போதைய நிறுவனத்தில் எத்தனை ஆண்டு' என்பதும் 'மொத்த அனுபவம்' என்பதும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு கட்டங்கள். அவசரத்தில் ஒன்றில் எழுத வேண்டியதை மற்றதில் எழுதிவிடுவது மிகச் சாதாரணம்.

4. எவ்வளவு? இதைத் தனியாகப் பார்ப்போம், இதில்தான் அதிகம் வழுக்குகிறது.

5. எங்கே? வேலை செய்யும் கிளையின் முகவரியா, தலைமை அலுவலகமா என்ற தயக்கம் வரும். நேரில் வந்து விசாரித்தால் உங்களைத் தெரிந்தவர்கள் இருக்கும் இடத்தை எழுதுவதே பயன். வீட்டிலிருந்து வேலை செய்பவர் தான் இணைக்கப்பட்டிருக்கும் அலுவலகத்தின் முகவரியைக் கொடுத்துவிட்டு, விசாரிப்பவரிடம் விஷயத்தைச் சொல்லிவிடலாம்.

ஆறு லட்சம் எப்படி முப்பத்தேழாயிரம் ஆகிறது

ஒருவருடைய வேலை நியமனக் கடிதத்தில் ஆண்டுக்கு 6,00,000 ரூபாய் என்று இருக்கிறது. இது சி.டி.சி., அதாவது அவருக்காக நிறுவனம் செய்யும் மொத்தச் செலவு. பன்னிரண்டால் வகுத்தால் 50,000. அதையே மாதச் சம்பளம் என்று எழுதிவிடுகிறார்கள்.

கணக்கைப் பிரித்துப் பாருங்கள். அடிப்படைச் சம்பளம் 25,000 என்றால் நிறுவனம் தன் பங்காகக் கட்டும் பி.எஃப். 12 சதவீதம், 3,000 ரூபாய். பணிக்கொடைக்கு ஒதுக்குவது சுமார் 1,200. செயல்பாட்டைப் பொறுத்து ஆண்டு முடிவில் தரும் தொகை மாதத்துக்கு 5,000 வீதம் இதற்குள் அடங்கியிருக்கிறது. இவை போக மிஞ்சும் 40,800-தான் மொத்தச் சம்பளம், 'கிராஸ்'. அதிலிருந்து அவருடைய பங்கு பி.எஃப். 3,000 பிடிக்கிறார்கள், தொழில்வரியும் உண்டு. கையில் வருவது 37,500 சொச்சம். 'நெட்' என்பது இது.

இந்த மூன்று எண்களில் எதுவும் பொய்யில்லை. எந்தக் கட்டத்தில் எது என்பதுதான் விஷயம். படிவம் 'நெட்' என்று கேட்டால் 37,500. 'கிராஸ்' என்றால் 40,800. சி.டி.சி. என்று வெளிப்படையாகக் கேட்காத எந்த இடத்திலும் 50,000 வரக்கூடாது. சரிபார்ப்பவர் கையில் மூன்று மாத வங்கி அறிக்கை இருக்கும். அதில் 37,500 வந்துகொண்டிருக்க, படிவத்தில் 50,000 என்றிருந்தால், மூன்றில் ஒரு பங்கு கூட்டிச் சொன்னவராகத்தான் நீங்கள் தெரிவீர்கள். ஓவர்டைம், இன்சென்டிவ் ஏதோ ஒரு மாதம் நிறைய வந்திருந்தால் அந்த மாதத்தை எடுத்து எழுதுவதும் இதே கதைதான்.

கடை வைத்திருப்பவர்களிடம் வேறு ஒரு குழப்பம் உண்டு: விற்றுமுதலை வருமானம் என்று எழுதுவது. ஆண்டுக்கு 60 லட்சத்துக்கு வியாபாரம் நடக்கும் மளிகைக்கடைக்காரர் அனுமான வரித் திட்டத்தில் கணக்குக் காட்டுகிறார் என்று கொள்வோம். ரொக்க விற்பனைக்கு 8 சதவீதம், வங்கி வழியாக வந்ததற்கு 6 சதவீதம் லாபமாகக் காட்டினால் போதும். வருமான வரி ரிட்டர்னில் அவருடைய வருமானம் 3.6 முதல் 4.8 லட்சத்துக்குள் எங்கோ இருக்கும். உண்மையில் பத்து லட்சம் நின்றாலும் வங்கி நம்புவது ரிட்டர்னில் உள்ள எண்ணைத்தான். வரிக்கு ஒரு எண், கார்டுக்கு ஒரு எண் என்று வைத்துக்கொள்ள முடியாது. குறைத்துக் காட்டிய வரியின் விலை இங்கே குறைந்த கடன் வரம்பாக வந்து நிற்கும். இதில் யாரையும் குறை சொல்ல இடமில்லை என்றே தோன்றுகிறது.

எந்தக் கட்டத்திலும் அடங்காதவர்கள்

டெலிவரி வேலை, வாடகைக் கார் செயலி வேலை செய்பவர்கள் அந்த நிறுவனத்தின் ஊழியர் என்று எழுதுவது சரியல்ல. நிறுவனங்கள் அவர்களைப் 'பார்ட்னர்' என்கின்றன. 2020-இன் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் வழக்கமான முதலாளி–தொழிலாளி உறவுக்கு வெளியே உழைப்பவர் என்றே கிக் தொழிலாளியை வரையறுக்கிறது. அது நியாயமா என்பது வேறு விவாதம். படிவத்தைப் பொறுத்தவரை அவர்கள் சுயதொழில் பிரிவு. வாரா வாரம் கணக்கில் வரும் தொகையும் வருமான வரி ரிட்டர்னும்தான் ஆதாரம்.

குடும்பத் தொழிலில் இருக்கும் மகன் 'மேனேஜர்' என்று போட்டுக்கொள்வதற்கு, அப்பாவின் நிறுவனக் கணக்கில் அவருக்கு உண்மையிலேயே சம்பளம் எழுதப்பட்டிருக்க வேண்டும். ஓய்வூதியர் பழைய அலுவலகத்தை இப்போதைய வேலையாகக் காட்ட வேண்டியதில்லை, ஓய்வூதியமும் வருமானம்தான்.

தனி வருமானம் இல்லாத இல்லத்தரசிக்கும் மாணவருக்கும் நேர் வழியே இரண்டு இருக்கின்றன. ஒன்று, குடும்பத்தில் ஒருவர் கார்டின்மேல் கூடுதல் கார்டு. இன்னொன்று, வைப்புநிதியை ஈடாக வைத்து வாங்கும் கார்டு. பின்னதில் நகைக்கடன் மாதிரி ஈடு இருப்பதால் பொதுவாக வருமானச் சான்று கேட்பதில்லை. 'சும்மா டியூஷன் எடுப்பதாகப் போடுங்கள்' என்ற யோசனைக்குத் தேவையே இல்லை.

வங்கிக்கு எப்படித் தெரிந்துவிடுகிறது?

முன்பெல்லாம் ஒரு ஆள் பைக்கில் வந்து பக்கத்துக் கடையில் விசாரித்துவிட்டுப் போவார். அந்த நேரடி விசாரணை இன்னும் போகவில்லை. ஆனால் கனமான வேலையைத் தரவுகள் செய்துவிடுகின்றன.

வங்கி அறிக்கையில் சம்பள வரியில் அனுப்பியவர் பெயர் இருக்கும். 2021 செப்டம்பரில் செயல்பாட்டுக்கு வந்த அக்கவுண்ட் அக்ரிகேட்டர் முறையில், நீங்கள் போனில் ஒப்புதல் கொடுத்தால் வேறொரு வங்கியிலுள்ள உங்கள் கணக்கு விவரம் நேராகவே போய்ச் சேரும். நடுவில் யாரும் பிடிஎஃப்பைத் திருத்த முடியாது. பி.எஃப். பாஸ்புக்கில் நிறுவனத்தின் பெயரும் மாதவாரிக் கட்டணமும் உண்டு. நிறுவனம் பி.எஃப்.பில் பதிவு செய்ததா என்று யார் வேண்டுமானாலும் இணையத்தில் தேடிப் பார்க்கலாம். வரிப் பிடித்தம் இருந்தால், உங்கள் பெயரில் பிடித்த வருமான வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தில் பிடித்த நிறுவனத்தின் பெயர் நிற்கும். இதில் ஒரு நுணுக்கம்: வரி பிடிக்கும் அளவுக்குச் சம்பளம் இல்லாதவருக்கு 26ஏஎஸ் காலியாக இருப்பதும், 20 பேருக்குக் குறைவாக உள்ள இடத்தில் பி.எஃப். இல்லாமல் இருப்பதும் இயல்பு. காலியாக இருப்பது வேறு, முரணாக இருப்பது வேறு.

பலர் கவனிக்காத இடம் கடன் அறிக்கை. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று நான்கு நிறுவனங்கள் நம் கடன் வரலாற்றைச் சேர்த்து வைக்கின்றன. சிபில் அறிக்கையில் வேலைக்கென்றே ஒரு பகுதி உண்டு: முன்பு கடன் கொடுத்தவர் தெரிவித்த தொழில் வகை, வருமானம், அது மாதக் கணக்கா ஆண்டுக் கணக்கா, நெட்டா கிராஸா. 300 முதல் 900 வரையிலான மதிப்பெண்ணில் இந்தப் பகுதி சேர்வதில்லை. ஆனால் விண்ணப்பத்தைப் பார்ப்பவர் கண்ணில் படும்.

அதற்கும் மேலே, எக்ஸ்பீரியனின் ஹண்டர் போன்ற மோசடி கண்டறியும் மென்பொருள்கள் இருக்கின்றன. ஒருவர் ஜனவரியில் ஒரு வங்கியில் 35,000 சம்பளம், சேர்ந்தது 2023 என்கிறார். மார்ச்சில் இன்னொரு வங்கியில் 60,000, சேர்ந்தது 2019 என்கிறார். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் நம்பும்படியே இருக்கும். பக்கத்தில் வைத்தால் பல்லிளிக்கும். இந்த மென்பொருளின் வேலையே பக்கத்தில் வைப்பதுதான்.

விளைவுகள்: மூன்று படிகள்

எல்லாத் தவறுக்கும் ஒரே விளைவு இல்லை. பயமுறுத்தும் வாட்ஸ்அப் செய்திகள் இந்த வேறுபாட்டை விட்டுவிடுகின்றன.

முதல் படி, எழுத்துப்பிழை, பழைய முகவரி, நெட்–கிராஸ் குழப்பம். விளக்கம் கேட்பார்கள் அல்லது நிராகரிப்பார்கள். நிராகரித்தாலும், விண்ணப்பத்துக்காக உங்கள் அறிக்கையைப் பார்த்தது ஒரு விசாரணையாகப் பதிவாகும். கோபத்தில் அதே வாரம் நான்கு வங்கிகளுக்கு விண்ணப்பித்தால் அந்தப் பதிவுகள் சேர்ந்து மதிப்பெண்ணையும் இறக்கும்.

இரண்டாம் படி, தெரிந்தே கூட்டிச் சொன்னது. கார்டு வந்த பிறகு தெரியவந்தால் வங்கி அதை முடக்கலாம், வரம்பைக் குறைக்கலாம். 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி, தவறான கூற்றால் பெறப்பட்ட சம்மதத்தின் மேல் நிற்கும் ஒப்பந்தத்தை ஏமாந்த தரப்பு ரத்து செய்ய முடியும். வாங்கிய பணத்தை அடைக்க வேண்டியது எப்படியும் மாறாது.

மூன்றாம் படியில் விஷயமே வேறு. போலிச் சம்பளச் சீட்டு, திருத்திய வங்கி அறிக்கை, இல்லாத கம்பெனியின் கடிதம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் ஏமாற்றிப் பொருள் பெறுவது 318(4), ஏமாற்றுவதற்காகப் போலி ஆவணம் தயாரிப்பது 336(3). இரண்டுக்கும் ஏழு ஆண்டு வரை சிறை. போலி என்று தெரிந்தே அதைப் பயன்படுத்தினால், தயாரித்தவருக்குரிய தண்டனையே பயன்படுத்தியவருக்கும் என்கிறது 340(2). ஆகவே 'சீட்டு செய்து கொடுத்தவர் வேறொருவர்' என்பது தப்பிக்கும் வழியாகாது.

ஏஜென்ட் நிரப்பிய படிவம்

மாலில் மேஜை போட்டு உட்கார்ந்திருக்கும் விற்பனை ஏஜென்டுக்கு, போகிற கார்டுகளின் எண்ணிக்கைதான் வருமானம். டேப்லெட்டில் அவரே தட்டுவார். 'பதவி என்ன போடட்டும், எக்சிக்யூட்டிவ்னு போட்டுடறேன் சார்' என்பார். நீங்கள் சொல்வது ஓ.டி.பி. மட்டும். ஆனால் அந்த ஓ.டி.பி.தான் கையெழுத்து. உள்ளே இருக்கும் ஒவ்வொரு விவரமும் உங்கள் கூற்றாகிவிடுகிறது. ஓ.டி.பி. சொல்வதற்கு முன் டேப்லெட்டைக் கையில் வாங்கி நிறுவனம், சம்பளம், சேர்ந்த தேதி என்ற மூன்றை மட்டுமாவது படித்துவிடலாம். இரண்டு நிமிடம் ஆகாது.

வேலை மாறும் நேரம்

ராஜினாமா கொடுத்துவிட்டு நோட்டீஸ் காலத்தில் இருப்பவர் பழைய நிறுவனத்தை எழுதினால் அது வார்த்தையளவில் உண்மை. ஆனால் சரிபார்ப்பு அழைப்பு வரும்போது அவர் அங்கே இருக்க மாட்டார். புதிய வேலைக்கான ஆஃபர் கடிதத்தை மட்டும் நம்பிப் பெரும்பாலான வங்கிகள் கார்டு தருவதில்லை. புதிய இடத்தில் இரண்டு மூன்று சம்பளம் வரும்வரை பொறுப்பதே நல்லது.

கார்டு கையில் இருக்கும்போது வேலை மாறினால் அல்லது போனால்? வேலை, முகவரி மாற்றத்தைத் தெரிவிக்கச் சொல்லும் விதி பல கார்டு ஒப்பந்தங்களில் இருக்கிறது. உங்களுடையதில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். வரம்பை உயர்த்துகிறோம் என்று வங்கி கேட்கும்போது புதிய வருமானத்தைச் சொல்ல வேண்டியிருக்கும். உங்கள் வெளிப்படையான ஒப்புதல் இல்லாமல் அவர்கள் வரம்பை உயர்த்தக்கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி.

தவறாகக் கொடுத்துவிட்டால்

1. முடிவு வருவதற்கு முன் தெரிந்தால், விண்ணப்ப எண்ணைக் குறிப்பிட்டு மின்னஞ்சலில் திருத்தம் அனுப்புங்கள். போனில் சொன்னது பதிவாகாமல் போகலாம்.

2. நிராகரிக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். குறிப்பான காரணத்தை எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டியது வங்கியின் கடமை என்று 2022 வழிகாட்டுதல்களே சொல்கின்றன. 'உள் கொள்கைப்படி' என்ற இரண்டு சொல் குறிப்பான காரணம் ஆகாது.

3. கடன் அறிக்கையின் வேலைப் பகுதியில் பழைய அல்லது தவறான தகவல் இருந்தால் அந்தக் கடன் தகவல் நிறுவனத்திடம் திருத்தம் கோரலாம். ஒவ்வொரு நிறுவனமும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். புகார் 30 நாளுக்குள் தீராவிட்டால் அதன்பின் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்ற விதி 2024 ஏப்ரல் முதல் இருக்கிறது.

4. சரிபார்ப்பு என்று வரும் அழைப்பில் நிறுவனம், பதவி, முகவரி கேட்பது வழக்கம். பின் நம்பர், சி.வி.வி., ஓ.டி.பி. கேட்டால் அது வங்கி இல்லை. வைத்துவிடுங்கள்.

5. வங்கியிடம் எழுதிய புகாருக்கு 30 நாளில் பதில் இல்லையென்றாலோ, பதில் திருப்தி தராவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். இணையத்தில் கட்டணமில்லாமல் பதிவு செய்யலாம், 14448 என்ற எண்ணில் விளக்கம் கேட்கலாம். ஆனால் கார்டு கொடுப்பதா வேண்டாமா என்பது வங்கியின் வணிக முடிவு. அதற்குள் குறைதீர்ப்பாளர் தலையிடுவதில்லை. காரணம் சொல்ல மறுத்தது, கேட்காத கார்டை அனுப்பியது, திருத்தம் கொடுத்தும் பதிவு செய்யாதது போன்ற விதிமீறல்களை அவரிடம் கொண்டு போகலாம். புகாரை அந்தக் கோணத்தில்தான் எழுத வேண்டும்.